சித்தப்பா பாடமாக்கிய ஊர்

ஒன்பது வயதில், நான் ஒருநாளும் போயிராத ஓர் ஆங்கிலேயக் கிராமத்தை முழுதாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். இப்போது கேட்டாலும் வரிசை பிசகாமல் சொல்வேன். ஊருக்குள் நுழையும்போது இடது கைப்பக்கம் குளம். வாத்து உண்டு, மீன் இல்லை. குளத்தைத் தாண்டினால் பொதுப் புல்வெளி. அதன் முனையில் போரில் இறந்தவர்களின் பெயர் வெட்டிய கல். அந்தக் கல்லில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும், மூவரும் சகோதரர்கள். கல்லுக்குப் பின்னால் தேவாலயம். கோபுரத்தின் கீழ்ப் பாதி நோர்மன் காலத்தது, மேல் பாதி இடி விழுந்து சரிந்தபின் திரும்பக் கட்டியது. மணிகள் ஆறு. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் மணி அடித்துப் பழகுவார்கள். தேவாலயத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு மேடு உண்டு, அங்கே எவரும் மண்வெட்டி வைப்பதில்லை. கொள்ளைநோயில் செத்தவர்களை ஒன்றாகப் போட்டு மூடிய இடம். பிறகு மதுச்சாலை. பிறகு பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போன பள்ளிக்கூடம். பிறகு கடை.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. சித்தி இன்னமும் அங்கேதான் இருக்கிறார். கடைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை.

நாங்கள் இருந்தது பாரிஸில், லா சாப்பலில், மெத்ரோப் பாலத்தைப் பார்த்த ஒரு நான்காம் மாடியில். மெத்ரோ ரயில் போகும்போது குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் மெல்லக் கிலுங்கும். கீழே மரக்கறிக் கடை, பக்கத்தில் நகைக்கடை, எதிரே வெளிநாட்டுக்குக் கதைக்கிற டெலிபோன் காட் விற்கிற கடை. அப்பாவும் அவருடைய தம்பியான என் சித்தப்பாவும் ஒரே ரெஸ்டோரண்டில் வேலை செய்தார்கள். அப்பா சமையல்காரருக்கு உதவி. சித்தப்பா கோப்பை கழுவுவார், வெங்காயம் வெட்டுவார், குப்பை இழுப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை இருவருக்கும் ஓய்வு. அந்த ஓய்வு நேரத்தில்தான் எங்கள் வீட்டில் இங்கிலாந்து நடந்தது.

சித்தப்பாவும் சித்தியும் கொழும்பிலிருந்து ஒன்றாகத்தான் வெளிக்கிட்டவர்கள். இருவரையும் ஒரே வழியில் அனுப்ப முடியாது, ஒரு கிழமை வித்தியாசத்தில் போய்ச் சேருவீர்கள் என்று ஏஜென்ட் சொன்னாராம். வயிற்றில் பிள்ளையோடு இருந்த சித்தி முதலில் போனார். இங்கிலாந்தில் கடை வைத்திருந்த தன் தமையனிடம் போய்ச் சேர்ந்தார். சித்தப்பா பல நாடுகளில் பல மாதங்கள் படுத்தெழும்பி, பாரிஸ்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார். பிரான்ஸில் அவருடைய அகதி மனு இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டது. சித்தியின் மனு அங்கே தீராமல் இழுபட்டது. ஒருவர் மற்றவரைத் தன்னிடம் கூப்பிட்டு எடுக்கிற நிலையில் இருவருமே இல்லை. அவர்களுடைய பிள்ளை, எனக்குத் தம்பி, அங்கே பிறந்து, நடந்து, கதைக்கவும் தொடங்கிவிட்டான். சித்தப்பா அவனைத் தொட்டதில்லை. டெலிபோனில் அவன் மூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறார். ரிசீவரைக் கொடுத்தால் அவன் பேசமாட்டான், மூச்சுத்தான் விடுவான்.

சித்தப்பாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்த ஊருக்குப் போய், அந்தக் கடையின் மேல்மாடிக்கு ஏறி, அந்தப் பிள்ளையைத் தூக்கவேண்டும்.

வழி ஒன்று இருந்தது, அதுவும் குடும்பத்துக்குள்ளேயே. சித்தப்பாவும் சித்தியும் மச்சான் மச்சாள். சொந்தத்துக்குள் முடித்த கலியாணம். அதனால் சித்தியின் தமையனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. நாங்கள் அவரைக் கடை மாமா என்போம். கடை மாமாவிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. லா சாப்பலுக்குச் சாமான் எடுக்க வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டார். சித்தப்பா மீசையைக் கொஞ்சம் குறைத்து, கடை மாமாவைப் போல ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்தபோது, அம்மா கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணி, கடன் கேக்க வந்தமாதிரிப் பாக்கிறியள்?" என்றார் சித்தப்பா.

"அவர் எண்டே நினைச்சுப்போட்டன்," என்றார் அம்மா.

இங்கிலாந்துக்குப் போக முதலில் கடலைத் தாண்டவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அது எங்களுக்குப் பொருந்தாது. கார் து நோர் ஸ்டேசனின் மேல்தட்டில், லண்டன் ரயிலுக்கு ஏறுகிற இடத்தில், ஆங்கிலேய அதிகாரிகள் மேசை போட்டு இருந்தார்கள். இங்கிலாந்து அங்கேயே தொடங்கியது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். மழையென்றால் சுவரோரமாக நனையாமலும் போகலாம். அந்த மேசையில் ஒரு கேள்வி கேட்பார்கள், அதற்குச் சரியாக விடை சொன்னால் மற்றப் பக்கம் போய்விடலாம். அப்படித்தான் அப்பா புரிந்துவைத்திருந்தார், அப்படித்தான் எனக்கும் சொல்லித் தந்தார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் டியூட்டரியில் படிப்பித்தவர். கணிதம். அவருடைய வகுப்புக் கொட்டிலிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களின் பெயரை அவர் ஒருபோதும் தன் வாயால் சொல்லமாட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லும்வரை காத்திருப்பார். உலகத்தில் எந்தக் கதவுக்கும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, பாடத்திட்டத்தை முழுதாக முடித்தவனை எந்தக் கேள்வித்தாளும் ஒன்றும் செய்யாது என்பது அவருடைய நம்பிக்கை. ஊரில் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எங்கள் சனத்தில் பாதிப்பேர் அந்த நம்பிக்கையைப் பிடித்துத்தான் கரை ஏறினார்கள். ஆகவே சித்தப்பா அந்த மேசைக்குப் போகவேண்டும் என்றானதும் அப்பா செய்த முதல் வேலை, அந்த ஊரை அலகு அலகாகப் பிரித்தது. தேவாலயமும் சுடலையும் ஓர் அலகு. கடை ஓர் அலகு. தொழில்கள் ஓர் அலகு. திருவிழாக்கள் ஓர் அலகு. மறைந்துபோன இடங்கள் ஓர் அலகு.

பாடம் வந்தது சித்தியிடமிருந்து. கிழமைக்கு இரண்டு தரம் டெலிபோன் காட் போட்டுக் கூப்பிடுவோம். அப்பா ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்துவார், சித்தி சொல்வார், நான் எழுதுவேன். சித்திக்கு அந்த ஊரின் கதை முதலில் ஒன்றும் தெரியாது. அப்பா கேட்கச் சொன்னபடியால், கடைக்குப் பேப்பரும் பாலும் வாங்க வருகிறவர்களிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்கத் தொடங்கினார். அது அந்த ஊருக்கு நல்ல சந்தோஷமாகப் போய்விட்டது. தேவாலயத்தில் மணி அடிக்கிற கிழவர் ஒருவர் தினமும் பேப்பர் வாங்க வருவாராம். தன் பேரப்பிள்ளைகளே ஒருநாளும் கேட்காததை இந்தப் பெண் கேட்கிறாள் என்று, அவர் வேலையை விட்டுவிட்டுக் கடையில் நின்று கதை சொன்னாராம். சித்தியைக் கோபுரத்துக்கு மேலேயும் கூட்டிப்போய்க் காட்டினாராம்.

அப்படித்தான் எங்களுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. கடை இருக்கும் கட்டடம் முன்பு இறைச்சிக் கடையாக இருந்தது. கொழுக்கிகள் இன்னும் கூரையில் இருக்கின்றன, கடை மாமா அவற்றில் வாளியும் பந்தும் தொங்கவிட்டிருக்கிறார். கொல்லன் பட்டறை கார் திருத்தும் இடமாகிவிட்டது. ரயில் பாதையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; ஸ்டேசனில் ஒரு பல் வைத்தியர் குடியிருக்கிறார். மா அரைக்கும் ஆலை எரிந்துபோனது, எரித்தது முதலாளிதான் என்பது பேச்சு. ஆகஸ்டில் மரக்கறிப் போட்டி நடக்கும். பெரிய பூசணிக்காய்க்குப் பரிசு கொடுப்பார்கள், ஒருமுறை வென்றவர் அதைச் சந்தையில் வாங்கி வந்தார் என்று பிடிபட்டு, அந்தக் குடும்பத்தோடு இன்னும் சிலர் கதைப்பதில்லை.

"எங்கடை ஊர்மாதிரித்தான் இருக்குது," என்றார் சித்தப்பா.

"பகிடியை விடு. ஆலை எரிஞ்சது கோபுரம் சரிஞ்சதுக்கு முந்தியோ பிந்தியோ?"

"பிந்தி."

"மணி எத்தினை?"

"ஆறு, அண்ணை. மணி ஆறு. அவ மேலை ஏறிப் பாத்தவ எண்டு பிள்ளை எழுதி வைச்சிருக்கிறா."

புதன்கிழமைகளில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அன்று நான்தான் அதிகாரி. இஸ்திரிப் பலகையை உயர்த்தி வைத்து, அதற்குப் பின்னால் முக்காலியில் ஏறி நிற்பேன். சித்தப்பா அறைக் கதவால் உள்ளே வருவார், ஒரு பையோடு, கடை மாமாவின் கண்ணாடியோடு. கடவுச்சீட்டைப் பலகையில் வைப்பார். நான் படத்தைப் பார்ப்பேன், அவரைப் பார்ப்பேன், திரும்பப் படத்தைப் பார்ப்பேன். சிரிக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் தொடங்கிய இங்கிலீஷ். அப்பா கேள்விகளை எழுதித் தருவார், நான் பிரெஞ்சு நாக்கால் வாசிப்பேன்.

"மேடம்," என்பார் சித்தப்பா, "நான் ஒரு பாவப்பட்ட கடைக்காரன். என்னை விடுங்கோ, பால் புளிச்சுப்போடும்."

"விடை சொல்லும்," என்பேன், அப்பாவின் குரலில்.

அவர் சொல்வார். கோபுரம், மேடு, கல், மூன்று சகோதரர்கள். முதல் கிழமைகளில் தடுமாறினார். பிறகு அவரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் பாடம் நடக்கும்போது இடையிடையே பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்பார். அவன் எந்த ஜன்னலாலை றோட்டைப் பாக்கிறவன்? பந்து தொங்குதே, எட்டிப் பிடிக்கப் பாக்கிறவனோ? அப்பா அதற்கு, "உதை அங்கை போய்ப் பார். இப்ப விசயத்துக்கு வா," என்பார்.

அம்மா மட்டும் ஒரு நாள், வெங்காயத்தை உரித்துக்கொண்டே, எவரையும் பார்க்காமல் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, அந்த ஊர்ச் சனத்துக்கு உதெல்லாம் தெரியுமோ?"

"ஏன் தெரியாது? அவங்கடை ஊர்."

"நானும் இந்தச் சாப்பலிலை இத்தினை வருசம் இருக்கிறன். இஞ்சத்தைச் சேர்ச்சை ஆர் கட்டினது எண்டு என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அது உமக்குத் தெரியாட்டி உம்மடை பிழை."

"நீங்கள் ஆளை அனுப்புறியளோ, பரீட்சைக்கு அனுப்புறியளோ?"

சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு அம்மாவில் கோபம் வந்தது. படிக்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். பாரிஸுக்கு வெளியே, சென் தெனிக்குப் போகும் பாதையில் லா சாப்பலும் ஒரு காலத்தில் ஒரு கிராமமாக இருந்தது என்பதை நான் அறிந்தது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. அங்கே வளர்ந்த எங்களில் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நாங்கள் அங்கே குடியிருந்தோம், அவ்வளவுதான்.

இப்போது நான் ரயில் சமிக்ஞைக்கான மென்பொருளைப் பரிசோதிக்கிற வேலை செய்கிறேன். முதல் ஓட்டத்திலேயே எல்லாச் சோதனைகளும் சரியென்று வந்தால் எங்கள் பிரிவில் ஒருவரும் சந்தோஷப்படுவதில்லை. சோதனையில்தான் ஏதோ பிழை என்று எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கவில்லை. சித்தப்பா ஒரு கேள்விக்கும் பிசகாமல் விடை சொன்ன அன்று, நாள் குறிக்கலாம் என்றார்.

குறித்ததும் ஒரு புதன்கிழமை. காலையில் அம்மா சித்தப்பாவுக்கு விபூதி பூசினார். பிறகு படத்தில் விபூதி இல்லையே என்று, முந்தானையால் தானே துடைத்துவிட்டார். துடைத்தபின்னும் நெற்றியில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது. ஈரத் துணியால் இன்னொரு தரம் துடைத்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தம்பிக்கென்று ஒரு சிவப்புக் கார் வாங்கி வைத்திருந்தார். பெட்டியில் பிரெஞ்சு எழுத்து இருக்கிறது என்று அப்பா பெட்டியைக் கிழித்து எறிந்தார். கார் மட்டும் பைக்குள் போனது.

"போட்டு வாறன் அண்ணி," என்றார்.

"போட்டு வாறன் எண்டு சொல்லாதை. போறன் எண்டு சொல்லு. இஞ்சை திரும்பி வரப்படாது," என்றார் அம்மா. எங்கள் ஆட்கள் ஒருபோதும் சொல்லாத வசனம் அது. வீட்டை விட்டுப் போகிறவரைப் போறன் என்று சொல்ல விடமாட்டார்கள். சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டையும் சொல்லாமல் படி இறங்கினார்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையோடு நிற்கிற ஆளை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. ஸ்டேசனில் நாங்கள் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் போகவில்லை. பேப்பர்க் கடையருகில் நின்று பார்த்தோம். அவர் மின்படியில் ஏறினார். மேலே போனதும் கண்ணாடியை ஒருமுறை கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வேறு முதுகுகள் மறைத்துவிட்டன.

அங்கிருந்து அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. ரயில் பாதைகளுக்கு மேலாகப் போகிற எங்கள் புல்வார் வீதியின் பாலத்துக்குக் கூட்டிப்போனார். தலைக்கு மேலே மெத்ரோ போனது, காலுக்குக் கீழே தண்டவாளங்கள். லண்டன் ரயிலுக்கு மஞ்சள் மூக்கு. அது மெதுவாக வெளியே வந்தபோது அப்பா என்னைக் கம்பி வேலிக்கு மேலாகத் தூக்கிப் பிடித்தார். எந்தப் பெட்டி என்று தெரியாததால் நான் எல்லா ஜன்னல்களுக்கும் கை காட்டினேன். உள்ளே இருந்த யாரோ ஒருவர் திரும்பக் கை காட்டினார். வெள்ளைக்காரப் பெண் என்று இப்போது தோன்றுகிறது. அன்று சித்தப்பாதான் என்று அப்பாவுக்குச் சொன்னேன், அப்பாவும் ஓம் என்றார்.

வரும் வழியில் அவர் ரோல்ஸும் லட்டும் வாங்கினார். கடைக்காரர், "என்ன மாஸ்டர், விசேசமோ?" என்று கேட்டதற்கு, "என்ரை மாணவன் ஒருத்தன் பாஸ்," என்றார். அவர் அப்படிப் பெருமையடித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

லண்டன் ஸ்டேசனில் சித்தி தம்பியோடு காத்திருந்தார். பின்னேரம் டெலிபோன் வந்தது. அம்மாதான் எடுத்தார். ரயில் வந்துவிட்டது, எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள், துப்புரவு செய்கிறவர்களும் பெட்டிகளுக்குள் ஏறிவிட்டார்கள் என்று சித்தி சொன்னார். அடுத்த ரயிலிலும் பார்த்தார். அதற்கு அடுத்ததிலும். ஒவ்வொரு ரயிலுக்குப் பிறகும் எடுத்தார். லட்டுப் பெட்டி மேசையில் திறந்தபடி இருந்தது. ஒருவரும் தொடாததால் நான் ஒன்று எடுத்துத் தின்றேன்.

மேலே என்ன நடந்தது என்பது அப்பா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தடுப்பு நிலையத்துக்குப் போய்ச் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வந்தபின்தான் தெரிந்தது. அவர் குசினிக்குள் கோட்டையும் கழற்றாமல் நின்றபடி அம்மாவுக்குச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

பிரெஞ்சுப் பொலிஸ் கடவுச்சீட்டைத் திறந்து பாராமலே விட்டதாம். ஆங்கிலேய அதிகாரி நல்ல மனிதராம், சிரித்த முகமாம். கடவுச்சீட்டைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னதும், "ஓ, எனக்குத் தெரியும், என் மனைவியின் ஆட்கள் அந்தப் பக்கம்தான். எப்படி, நல்ல ஊரா?" என்று கேட்டாராம்.

அது கேள்வி அல்ல, நேரம் போக்கக் கேட்ட ஒரு வார்த்தை. ஓம், அமைதியான ஊர், கொஞ்சம் குளிர் என்றால் முடிந்திருக்கும். சித்தப்பாவுக்கு அது முதல் அலகாகப் பட்டது. அவர் கோபுரத்தில் தொடங்கினார். கீழ்ப் பாதி நோர்மன், மேல் பாதி இடி விழுந்தபின். ஆறு மணிகள். வடக்கே மேடு. மூன்று சகோதரர்கள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, இதைக் கேள் என்றாராம். சித்தப்பாவுக்குச் சந்தோஷப் புளுகம் வந்துவிட்டது. ஆலை எரிந்ததையும், எரித்தவர் யார் என்பதையும் சொன்னாராம்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிகாரி, அதே சிரித்த முகத்தோடு, உங்கள் தெருவில் குப்பை எடுக்கிறது என்ன கிழமை என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னவர்?" என்றார் அம்மா.

"ஒவ்வொரு நாளும் எண்டு சொன்னவனாம்."

அம்மா ஒரு சத்தம் போட்டார். சிரிப்புப் போலத்தான் தொடங்கியது. எங்கள் தெருவில் ஒவ்வொரு நாளும்தான் எடுத்தார்கள். அந்த வாளிகளை நாள் தவறாமல் தெருவுக்கு இழுத்தது சித்தப்பாதான். கேட்ட எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் அவர் பாடமாக்காமல், தன் சொந்த வாழ்க்கையிலிருந்து சொன்ன விடை.

"எவ்வளவு படிப்பிச்சன்," என்றார் அப்பா. அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு வசனம் இருந்தது, அன்று வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டது, எல்லாருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லாமல் அப்பாவின் கோட்டைக் கழற்றி வாங்கினார்.

சித்தப்பாவைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். அங்கே விமான நிலையத்தில் மறித்து விசாரித்துவிட்டு விட்டார்கள். அது சண்டை திரும்பவும் பெருத்த காலம். ஒருமுறை ஒரு லொட்ஜிலிருந்து கதைத்தார். பிறகு ஒருமுறை வவுனியாவிலிருந்து. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகிற வெள்ளை வான் ஒன்று தெருவில் நிற்கிறது, இடம் மாறவேண்டும் என்றார். அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. பிறகு சித்திக்கு அங்கே விசா கிடைத்தது. கடை மாமா தன் கடவுச்சீட்டு களவு போனதாகச் சொல்லித் தப்பிக்கொண்டார். எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்று தெரியாது.

அந்த ஊரை நான் கண்ணால் பார்த்தது இருபது வயதுக்குப் பிறகு. எல்லாம் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. நாயோடு வந்த ஒரு பெண்ணிடம் இந்தக் கோபுரம் எந்தக் காலத்தது என்று கேட்டேன். அவர் அதை முதல்முறை பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்துவிட்டு, நல்ல பழசாகத்தான் இருக்கும் என்றார். மதுச்சாலையில் இரண்டு பேர் மணிகள் ஐந்தா ஆறா என்று பந்தயம் கட்டினார்கள். சித்தப்பா அந்த ஊரில் பிறந்து வளர்ந்திருந்தால் அவரும் ஐந்து என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது, சித்தப்பா இன்னும் தடுப்பில் இருந்தபோது வந்த ஒரு டெலிபோனைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா வீட்டில்தான் இருந்தார். சித்தியின் நம்பரைக் கண்டதும் எனக்குக் கையால் ஒரு சாடை காட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எடுத்தேன்.

"கொப்பா இல்லையோ?"

"இல்லை சித்தி."

"அவர் போய்ப் பாத்தவராமெல்லே. என்ன கேட்டவங்களாம் பிள்ளை? உமக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரிந்திருந்தது. எல்லாப் பாடமும் சித்தப்பா சரியாகச் சொன்னார் என்றேன், கோபுரம், மணி, மேடு, கல் எல்லாம். ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது, குப்பை எடுக்கிற கிழமை.

மறுபக்கத்தில் தம்பி எதையோ தரையில் உருட்டுவது கேட்டது.

"வியாழக்கிழமை," என்றார் சித்தி.

நான் பென்சிலை எடுத்தேன். சொல்லுங்கோ என்றேன்.

"ஒரு வியாழன் கறுப்பு வாளி. மற்ற வியாழன் பச்சை. முதல் நாள் பின்னேரமே றோட்டுக் கரையிலை வைக்கவேணும். வாளி முட்டி மூடி திறந்திருந்தா எடுக்கமாட்டாங்கள். ஒவ்வொரு கிழமையும் நான்தான் இழுத்துக்கொண்டுபோய் வைக்கிறனான்."

நான் எழுதினேன். பிறகு, அப்பா ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேட்பதைப் போல, ஒழுங்காகக் கேட்டேன்.

"வேறை ஏதும் சொல்லாமல் விட்டிருக்கிறியளோ சித்தி?"

ஓம் என்றார், நிறைய. சொல்லத் தொடங்கினார். பால் விடியமுன் வரும், போத்தல்கள் படியில் உரசும் சத்தத்தில் தம்பி எழும்பிவிடுவான். பஸ் டிரைவருக்கு ஒரு காது கேளாது, கை காட்டினால்தான் நிற்பார். பக்கத்து வீட்டுப் பூனை கடைக்குள் வந்து அரிசி மூட்டையில் படுக்கும். மழைக்குக் கடையின் பின்கதவு பொருமும், தோளால் தள்ளவேண்டும். மேலே போகிற படியில் நடுப்படி ஆடும். இரவில் இறங்குகிறவர் அதில் கால் வைக்கக்கூடாது, பிள்ளை முழித்துவிடும். தம்பி ஜன்னலருகில் படுக்கமாட்டான், சுவர்ப்பக்கம்தான் வேண்டும், ஆகவே ஜன்னல் பக்கம் பெரிய ஆளுக்கென்று விட்டிருக்கிறது.

காட் முடியும்வரை சொன்னார். அவர் அழவில்லை, அவசரப்படவும் இல்லை. நான் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொன்றுக்கும் பொறுத்திருந்தார். இவ்வளவு முக்கியமான பாடத்தை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று எனக்குள் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டு, அடுத்த முறை கேட்டால் சித்தப்பா தடுமாறக்கூடாதே என்று, ஒன்றையும் தவறவிடாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.